அரக்கு நிறத்தில் ஓர் ஏழு

இத்தாலியக் கால்பந்தில் ஜெர்சியின் முதுகில் எண் ஏறியது 1939-இல். அன்றிலிருந்து 1995 வரை அந்த எண் எந்த ஆட்டக்காரருக்கும் சொந்தமாக இருந்ததில்லை. ஒன்று கோல்கீப்பருக்கு, ஒன்பது நடு முன்களத்துக்கு, ஏழு வலது ஓரத்தில் ஓடுகிறவருக்கு. இந்த ஞாயிறு வலது ஓரத்தில் யார் இறங்குகிறாரோ அவர் முதுகில் ஏழு. அடுத்த ஞாயிறு வேறு ஒருவர் முதுகில். டூரின் நகரத்து டொரினோ கிளப்பின் அரக்கு நிற ஜெர்சியில் இருந்த அந்த ஏழு, முப்பது ஆண்டுகளில் யார் யார் தோளில் ஏறி இறங்கியது என்பதே இந்தக் கதை.

1940-களில் அது ரோமேயோ மென்தியிடம் இருந்தது. போரால் விடுபட்ட ஆண்டுகளைக் கழித்துவிட்டால், தொடர்ந்து ஐந்து முறை பட்டம் வென்ற அணி அது. 1949 மே 3 அன்று லிஸ்பனில் பென்ஃபிகாவுடன் ஆடிய நட்பு ஆட்டத்தில் டொரினோ 3-4 என்று தோற்றது. அணியின் கடைசி கோல் மென்தி அடித்த பெனால்டி. மறுநாள் திரும்பி வந்த விமானம் மூடுபனியில் டூரினை ஒட்டிய சுபெர்கா குன்றில், தேவாலயத்தின் பின்சுவரில் மோதியது. விமானத்தில் இருந்த 31 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமானியின் பெயர் பியர்லூயிஜி மெரோனி. அந்தக் குடும்பப்பெயரை டொரினோ ரசிகர்கள் இன்னொரு முறை அழுதுகொண்டே சொல்ல வேண்டியிருந்தது.

1964-இல் அந்த ஏழை வாங்கிப் போட்டுக்கொண்ட இளைஞனின் பெயர் லூயிஜி மெரோனி. எல்லோருக்கும் ஜீஜி. அவனது ஊரான கோமோ பட்டுக்குப் பேர்போனது. இரண்டு வயதில் தகப்பனை இழந்தவன். மூன்று பிள்ளைகளையும் தாய் தறி ஓட்டித்தான் வளர்த்தாள். ஜீஜியும் பந்துக்குப் போவதற்கு முன் பட்டு டைகளுக்கு வடிவம் வரைந்தவன். கோமோவிலிருந்து ஜெனோவா கிளப்புக்குப் போய், அங்கிருந்து 30 கோடி லிராவுக்கு டொரினோ வந்தான். 21 வயதுப் பையனுக்கு அது அந்நாளில் கேள்விப்படாத தொகை. எங்கள் பிள்ளையை எப்படி விற்கலாம் என்று ஜெனோவா ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள்.

காலுறையைக் கணுக்காலுக்கு இறக்கிவிட்டு, ஜெர்சியை நிக்கருக்கு வெளியே தொங்கவிட்டு ஆடுவான். எதிராளியின் முன் பந்தோடு ஒரு நொடி நிற்பான். அந்த நொடியில் எதிராளி காலை நீட்டிவிட்டால் கதை முடிந்தது; பந்து மறுபக்கம் போயிருக்கும், அவனும் போயிருப்பான். அரக்கு வண்ணத்துப்பூச்சி என்று அவனுக்குப் பெயர் வைத்தது பொருத்தம்தான். களத்துக்கு வெளியேயும் அவன் அப்படித்தான்: நீண்ட முடி, தானே வரைந்து தைக்கக் கொடுத்த உடுப்புகள், பழைய பலீல்லா கார், மொட்டைமாடி அறையில் தூரிகையும் கித்தானும். கோமோ தெருவில் கோழிக்குக் கயிறு கட்டிக் கூட்டிக்கொண்டு நடந்தான் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தக் கால இத்தாலி இதைச் சுலபமாக ஏற்கவில்லை. முடியை வெட்டச் சொன்னார் தேசிய அணிப் பயிற்சியாளர் எட்மோந்தோ ஃபப்ரி. 1966 உலகக் கோப்பையில் சோவியத் அணிக்கு எதிராக மட்டுமே அவனை இறக்கினார். வட கொரியாவிடம் இத்தாலி தோற்று ஊர் திரும்பிய ஆட்டத்தில் அவன் களத்தில் இல்லை. நாட்டுக்காக அவன் ஆடியது மொத்தம் ஆறே ஆட்டம். இதை எழுதும்போது இன்னும் வயிறு எரிகிறது.

ஆனால் 1967 மார்ச் 12 யாராலும் அழிக்க முடியாதது. மிலானின் சான் சீரோ அரங்கு. இன்டர் அணி அங்கே மூன்று ஆண்டுகளாகத் தோற்றதில்லை. மெரோனியைக் காவல் காத்தவர் ஃபக்கெத்தி. உயரமும் வேகமும் ஒருங்கே வாய்த்த, உலகின் சிறந்த பின்கள வீரர்களில் ஒருவர். பெனால்டி எல்லைக்கோட்டருகே அவரை ஏமாற்றிவிட்டு ஜீஜி பந்தைத் தூக்கி வளைத்து அடித்தான். அது கோல்கீப்பர் சார்த்தியின் தலைக்கு மேலே போய்த் தூரத்து மூலையில் இறங்கியது. டொரினோ 2-1.

அந்தக் கோடையில் மெரோனிக்காக, அதே நகரத்துப் போட்டி அணியான யுவென்டஸ் 75 கோடி லிரா தர முன்வந்தது. டொரினோ தலைவர் பியானெல்லியும் சம்மதித்துவிட்டார். யுவென்டஸின் உரிமையாளர்களான அன்யெல்லி குடும்பத்துக்குத்தான் ஃபியட் ஆலையும் சொந்தம். அந்த ஆலையில் வேலை பார்த்த டொரினோ ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். நகரமே பொங்கியதில் பேரம் கைவிடப்பட்டது. ஏழு அரக்கிலேயே தங்கியது.

நான்கு மாதம்கூட நீடிக்கவில்லை. 1967 அக்டோபர் 15, சம்ப்தோரியாவை 4-2 என்று வென்ற அன்று இரவு, சக ஆட்டக்காரர் பொலெத்தியுடன் கோர்சோ ரே உம்பெர்த்தோ சாலையைக் கடக்கும்போது கார் மோதியது. தூக்கி எறியப்பட்டவன் மேல் எதிர்ப்பக்கம் வந்த இன்னொரு கார் ஏறியது. வயது 24. முதல் காரை ஓட்டியது 19 வயது இளைஞன். டொரினோ ரசிகன், மெரோனி என்றால் உயிர்.

எண் இடத்துக்குத்தான் சொந்தம் என்றேன். அந்த விதியின் கொடுமை அடுத்த ஞாயிறு தெரிந்தது. அக்டோபர் 22, யுவென்டஸுக்கு எதிரான டெர்பி. முன்கள ஆட்டக்காரர் கொம்பின், மெரோனியின் நெருங்கிய நண்பர், காய்ச்சலோடு இறங்கினார். யாராவது ஏழைப் போட்டாக வேண்டும்; ஆல்பெர்த்தோ கரெல்லி போட்டுக்கொண்டார். கொம்பின் மூன்று கோல் அடித்தார். நான்காவது, ஏழாம் எண்ணிலிருந்து வந்தது. அரங்கில் இருந்தவர்கள் அந்த முதுகைப் பார்த்தபோது யாரைப் பார்த்திருப்பார்கள்! 4-0.

1969-இல் நாப்போலியிலிருந்து வந்தார் கிளாவ்தியோ சாலா. ஓரத்தில் இழுத்துச் சென்று அவர் அனுப்பும் பந்துகளை முன்கள வீரர்கள் புலீச்சியும் கிரட்சியானியும் வலைக்குள் தள்ளினார்கள். 1975-76 பருவத்தில் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம் வரை எல்லாவற்றிலும் வெற்றி. 1976 மே 16 அன்று சேசேனாவுடன் 1-1. அதே நேரம் பெருஜாவில் யுவென்டஸ் தோற்றது. சுபெர்காவுக்குப் பிறகு முதல் பட்டம், 27 ஆண்டுகள் கழித்து. அணித்தலைவர் சாலாவின் முதுகில் ஏழு. அதே கோமுனாலே மைதானம், மெரோனி ஓடிய அதே வலது ஓரம்.