தலையில்லா எஞ்சின்

லாரியில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ரேடியேட்டர்தான். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால், சோற்று உலை போலத் தண்ணீரில் குமிழ் கிளம்பும். சிலிண்டருக்குள் எரிந்த வாயு தண்ணீர் ஓடும் வழிக்குள் புகுந்துவிட்டது என்று பொருள். சில வண்டிகளில் சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வரும். சிலவற்றில் ஆயில் குச்சியை உருவினால் ஆயில் வெளுத்து நுரைத்திருக்கும். தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே தேங்கிவிட்டால் இன்னும் மோசம். காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. செல்ஃப் அடித்த வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட். நெருப்பு, தண்ணீர், ஆயில் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் ஒரே சமயத்தில் அடக்கியாக வேண்டும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினைந்து, பதினாறு மடங்கு நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறார்கள். 118 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிலிண்டரில் எரியும்போது அழுத்தம் 100 பார் என்று வைத்துக்கொண்டால், ஹெட்டை மேலே தூக்கிவிடப் பார்க்கும் விசை சுமார் 11 டன். ஆறு சிலிண்டர் எஞ்சின் 2,000 சுற்றில் ஓடினால், நிமிடத்துக்கு 6,000 முறை இந்த அடி விழுகிறது.

இவ்வளவு வம்பு பிடித்த ஓர் இணைப்பை ஏன் வைத்தார்கள்? மோட்டார் வாகனத்தின் தொடக்க காலத்தில் பெரும்பாலான எஞ்சின்களில் அது இல்லவே இல்லை. சிலிண்டரையும் தலையையும் ஒரே வார்ப்பாக ஊற்றினார்கள். ஒழுகுவதற்கு இணைப்பு ஏது? ஆனால் அக்கால வால்வுகள் சீக்கிரம் கரி பிடித்துத் தேய்ந்தன. கரியைச் சுரண்டவும் வால்வைத் தேய்த்து உட்காரவைக்கவும் மெக்கானிக்கின் கை உள்ளே போக வழியில்லை. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஹெட்டைத் தனியாகக் கழற்றும்படி செய்தார்கள். போல்ட்டைக் கழற்றித் தூக்கினால் வால்வு, பிஸ்டன் எல்லாம் கண்முன்னே இருக்கும். நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் வைத்து இருபுறமும் செம்புத் தகடு மூடிய கேஸ்கெட் அந்த வசதியோடு பரவியது. பட்டறைக்காரனின் சௌகரியத்துக்காகப் பிறந்த பலவீனம் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அந்தப் பலவீனத்தை அடியோடு ஒழித்துவிடலாம் என்று ஒரு பெரிய லாரிக் கம்பெனி இறங்கியது, அரை நூற்றாண்டுக்குப் பிறகு.

இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள லேலண்டு ஊர், லாரிக்கும் பஸ்ஸுக்கும் உலகப் புகழ் பெற்றது. அங்கே நீராவி வண்டிகளோடு 1896இல் தொடங்கிய லேலண்டு கம்பெனி, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 600 என்ற 9.8 லிட்டர் டீசல் எஞ்சினையும், அதைத் தொடர்ந்து 680 என்ற 11.1 லிட்டர் எஞ்சினையும் கொண்டுவந்தது. அடித்துப் பிடித்து ஓட்டினாலும் தாங்கும் எஞ்சின்கள். பிறகு சாலைகள் மாறின. 1959இல் எம்-1 நெடுஞ்சாலை திறந்தது. மேட்டில் மட்டும் முழுமூச்சாக இழுத்துவிட்டு மற்ற நேரம் சாவகாசமாக ஓடிய லாரிகள், இப்போது மணிக்கணக்காக ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே ஓடின. எடை கூடியது, வேகம் கூடியது, டர்போ சார்ஜர் வேறு வந்து சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணித்தது. அழுத்தம் ஏற ஏற, முதலில் கைகொடுக்காமல் போகும் இடம் ஹெட் கேஸ்கெட்தான்.

லேலண்டு பொறியாளர்கள் இதற்குக் கண்ட தீர்வு 500 வரிசை எஞ்சின். 1960களின் இறுதியில் அறிமுகமான இதில் பிளாக்கும் ஹெட்டும் ஒரே இரும்பு வார்ப்பு. இடையில் கேஸ்கெட் கிடையாது, ஹெட் போல்ட் கிடையாது. 118 மி.மீ. விட்டம், 125 மி.மீ. ஸ்ட்ரோக், 8.2 லிட்டர், மேலே கேம் ஷாஃப்ட். 11 லிட்டர் எஞ்சின் செய்யும் வேலையை டர்போவின் துணையோடு இந்தச் சின்ன எஞ்சினே செய்துவிடும் என்பது கணக்கு. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத யோசனை. பந்தயக் கார் எஞ்சின்கள் சிலவற்றில் முன்பே வெற்றி கண்டதும்கூட. ஆனால் பந்தய எஞ்சினை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிரித்துப் போடுவார்கள். லாரி எஞ்சின் லட்சக்கணக்கான மைல் ஓடியாக வேண்டும், அதுவும் யார் யாரோ ஓட்டி.

'தலையில்லா அதிசயம்' என்று பிரிட்டிஷ் மெக்கானிக்குகள் அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். பாராட்டி வைத்த பெயரல்ல. கழற்றும் ஹெட் உள்ள எஞ்சினில் வால்வு வேலை என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். 500இல் வால்வை வெளியே எடுக்க ஒரே வழி சிலிண்டரின் அடிப்பக்கம். எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கி, சம்ப்பைக் கழற்றி, கிராங்க் ஷாஃப்ட்டை எடுத்து, பிஸ்டன்களை உருவிய பிறகுதான் வால்வில் கை வைக்கலாம். அத்தனை வேலை வராதபடி அது உழைத்திருந்தால் யாரும் பேசியிருக்கமாட்டார்கள். உழைக்கவில்லை. புகை தள்ளியது, அடிக்கடி படுத்துக்கொண்டது, பராமரிப்புச் செலவு எகிறியது.

சாதாரண எஞ்சினில் கேஸ்கெட் போனால் பட்டறையில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும். தண்ணீரையும் ஆயிலையும் வடித்து, ராக்கர், புஷ் ராடு, இன்ஜெக்டர் எல்லாவற்றையும் எடுத்த பிறகு ஹெட் கிளம்பும். பழைய கேஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் குற்றவாளி தெரிந்துவிடும்: இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் உள்ள ஒடுக்கமான பாலத்தில், செம்பு விளிம்பு கருகி, மறுபக்கம்வரை ஒரு கறுப்புக் கோடு ஓடியிருக்கும். அதை மாற்றிவிட்டால் மட்டும் வேலை முடியாது. ஹெட்டின் முகத்தில் நேர்த்தகடு வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று குறுக்கும் நெடுக்கும் பார்ப்பார்கள். வளைந்திருந்தால் லேத்துக்கு அனுப்பி முகம் சீவ வேண்டும். சிலிண்டர் லைனர் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்றும் அளக்க வேண்டும். அது உட்கார்ந்துபோயிருந்தால் புது கேஸ்கெட்டும் சில வாரத்தில் போகும். போல்ட்டை நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக டார்க் ரெஞ்ச் போட்டு முறுக்குவார்கள். இவ்வளவும் எஞ்சின் வண்டியில் இருந்தபடியே செய்துவிடலாம்.

ஒரு கெடுதலையும் சொல்லியாக வேண்டும். ஒட்டிக்கொண்ட பழைய கேஸ்கெட்டைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி வாயால் ஊதிய தலைமுறை, தான் சுவாசித்தது ஆஸ்பெஸ்டாஸ் தூசி என்று தெரியாமலே இருந்தது. பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸை முழுமையாகத் தடை செய்தது 1999இல்தான். அடுக்கடுக்கான எஃகுத் தகடுகளால் ஆன கேஸ்கெட் பரவலானது அதையொட்டிய ஆண்டுகளில்.

லேலண்டு ஹெட்டையே ஒழித்துக்கொண்டிருந்தபோது, சுவீடனின் ஸ்கானியா நேர் எதிர் வழியில் போனது. 1969இல் அது கொண்டுவந்த 14 லிட்டர் வி-8 எஞ்சினில் எட்டு சிலிண்டருக்கும் எட்டுத் தனித்தனி ஹெட். ஒன்றின் கேஸ்கெட் போனால் அந்த ஒன்றை மட்டும் கழற்றினால் போதும். ஹெட் சிறிதாக இருப்பதால் சூட்டில் வளைவதும் குறைவு. கேஸ்கெட் என்றாவது ஒருநாள் போகத்தான் போகிறது என்று ஒப்புக்கொண்டு வரைந்த எஞ்சின் அது. 350 குதிரைத்திறன் கொடுத்த அந்த வி-8இன் வாரிசுகள் இன்றும் ஓடுகின்றன.

500 எஞ்சின் அதிகம் பேருக்குத் தெரிந்தது பஸ் வழியாகத்தான். இங்கிலாந்தின் வர்க்கிங்டன் அருகே லேலண்டு நேஷனல் பஸ்களுக்கென்றே கட்டிய தொழிற்சாலையில், 1972 முதல் அவை உற்பத்தியாகின. பின்பக்கம் 500 வரிசையைச் சேர்ந்த 510 எஞ்சின். 7,000க்கும் அதிகமான நேஷனல் பஸ்கள் உருவாகி, கராகஸ், கிங்ஸ்டன் வரை போயின. பஸ் கம்பெனிகள் நொந்துபோய், பாடியை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் கழற்றி எறிந்தன. மான்செஸ்டர் பக்கத்து கார்ட்னர், டச்சு டாஃப், வால்வோ என்று கிடைத்ததைப் பொருத்தினார்கள். கார்ட்னர் பழைய பாணியில், டர்போ இல்லாமல், சிலிண்டர் அழுத்தத்தைக் குறைவாக வைத்தே நெடுங்காலம் உழைக்கும் எஞ்சின் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. 1970களின் இறுதியில் நேஷனல்-2 வந்தபோது லேலண்டே தோல்வியை ஒப்புக்கொண்டது: பின்பக்கம் உட்கார்ந்திருந்தது பழைய 680. ஹெட், போல்ட், கேஸ்கெட் எல்லாவற்றோடும்.

சென்னைக்கு வடக்கே எண்ணூரில் இந்த நாடகம் நடக்கவே இல்லை. 1948இல் ஆஸ்டின் கார்களைப் பூட்ட அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955இல் அசோக் லேலண்டு ஆன கம்பெனி, லேலண்டின் காமெட் லாரி எஞ்சின் வழியிலேயே 370, 400 என்று கொள்ளளவைக் கூட்டிக்கொண்டு போனது; பெரிய வண்டிகளுக்கு 680. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகள் கற்றுக்கொண்டது இந்த எஞ்சின்களையும், அவற்றோடு ஜாம்ஷெட்பூரில் 1954 முதல் உற்பத்தியான டாடா மெர்சிடிஸையும்தான். எண்ணூருக்குப் புது எஞ்சின் தொழில்நுட்பம் தேவைப்பட்ட 1980களில் கம்பெனி திரும்பிப் பார்த்தது லங்காஷயரை அல்ல, ஜப்பானின் ஹினோவை. வந்து இறங்கிய ஆறு சிலிண்டர் டீசலில் ஹெட்டைக் கழற்ற முடிந்தது. சங்ககிரிப் பட்டறைக்காரருக்குப் புதிதாகத் தேவைப்பட்டவை வேறு கேஸ்கெட்டும் வேறு டார்க் அளவுகளும் மட்டுமே.