தோள்மூட்டு மறுமாற்று அறுவை சிகிச்சை

முன்பு பொருத்திய செயற்கைத் தோள்மூட்டு தளர்ந்தோ தேய்ந்தோ தொற்றுக்குள்ளாகியோ போனால், அதை அகற்றி வேறொன்றைப் பொருத்தும் சிகிச்சை இது. முதல் அறுவையைவிடக் கடினமானது. புதிய மூட்டு ஊன்றி நிற்க மிஞ்சியிருக்கும் எலும்பு குறைவு.

செயற்கை மூட்டில் மேற்கை எலும்பில் ஒரு பந்தும் தோள்பட்டையில் ஒரு கிண்ணமும் இருக்கும். பெரும்பாலும் தளர்வது கிண்ணம்தான். தோள்பட்டை எலும்பின் குழி சிறியது, ஆழமற்றது. அதில் பாலிஎத்திலீன் கிண்ணத்தை எலும்புச் சிமெண்ட் வைத்துப் பொருத்துகிறார்கள். செயற்கைப் பந்தைக் கிண்ணத்தின் நடுவில் நிறுத்துபவை தோளைச் சுற்றியுள்ள சுழல் தசைநாண்கள். அவை கிழிந்தால் பந்து மேலேறி ஒரு விளிம்பை அழுத்தும், எதிர் விளிம்பு தூக்கும். கையை அசைக்கும்போதெல்லாம் இப்படி ஆடியே பிடிமானம் விட்டுப்போகும். மருத்துவர்கள் இதை ‘ஆடுகுதிரை’ விளைவு என்கிறார்கள். தேய்ந்து உதிரும் பாலிஎத்திலீன் துகள்களாலும் சுற்றியுள்ள எலும்பு அரிபடும்.

எக்ஸ்ரேயில் கிண்ணத்தைச் சுற்றித் தளர்வைக் காட்டக்கூடிய கருங்கோடு தெரிந்தாலே அறுவை தேவை என்பதில்லை. வலியில்லாதவர்களைக் கண்காணித்தாலே போதும். வலி இருந்தால் முதலில் தொற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். தோள்பகுதித் தோலின் மயிர்க்கால்களில் வாழும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா காய்ச்சலோ சீழோ இல்லாமல் மூட்டில் தங்கிவிடும். ரத்தப் பரிசோதனையும் இயல்பாகவே இருக்கலாம். ஆகவே அறுவையின்போது பல இடங்களிலிருந்து திசு எடுத்து, ஏறத்தாழ 14 நாட்கள் வளர்த்துப் பார்க்கிறார்கள். இந்தப் பொறுமை அவசியம்: தொற்றிருப்பது தெரியாமல் புதிய மூட்டை வைத்தால் அதுவும் தளரும். தொற்று இந்தச் சிகிச்சைக்குப் புதிய சிக்கலல்ல: 1893இல் பாரிசில் ஜூல் எமில் பேயான் என்ற அறுவை மருத்துவர், காசநோயால் தோள் கெட்ட ஒருவருக்குப் பிளாட்டினமும் ரப்பரும் கொண்டு செய்த மூட்டைப் பொருத்தினார். பின்னர் தொற்றினால் அதை அகற்ற நேர்ந்தது.

தொற்று உறுதியானால், பல மருத்துவமனைகளில் மறுமாற்றை இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள்: பழைய மூட்டை எடுத்து, நுண்ணுயிர்க்கொல்லி கலந்த சிமெண்ட் உருவைத் தற்காலிகமாக வைத்து, தொற்று அடங்கியபின் புதியதைப் பொருத்துவார்கள்.

இன்று மறுமாற்றுக்கு அதிகம் கைகொடுப்பது, பிரான்சின் அறுவை மருத்துவர் பால் கிராமோன் 1980களில் வடிவமைத்த தலைகீழ் மூட்டு. இதில் பந்து தோள்பட்டையிலும் கிண்ணம் மேற்கை எலும்பிலும் இருக்கும். தசைநாண்கள் கிழிந்திருந்தாலும் டெல்டாய்டு தசையே கையைத் தூக்கும். அரிபட்ட குழியை இடுப்பெலும்பிலிருந்து எடுத்த ஒட்டால் நிரப்புவதுண்டு. மேற்கை எலும்புக்குள் இறுகிப்போன பழைய மூட்டின் தண்டை எடுக்கச் சில நேரம் அந்த எலும்பை நீளவாக்கில் பிளக்க வேண்டியிருக்கும். பிறகு அதைக் கம்பியால் கட்டுவார்கள்.

எலும்பு முறிவு, நரம்புக் காயம், மூட்டு விலகல், மீண்டும் தொற்று ஆகியவை முதல் அறுவையைவிட இதில் கூடுதல். வலி குறைவதை எதிர்பார்க்கும் அளவுக்குக் கை முழுவதும் உயர்வதை எதிர்பார்க்க முடியாது. இதை அறுவைக்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு சில வாரங்கள் கைத்தூளி, அதன்பின் பல மாத இயன்முறைப் பயிற்சி.