வாழைத்தண்டும் தேசிக்காயும்: பற்றறி தடைசெய்யப்பட்ட காலத்தின் நினைவு

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியிற் செல்வோர் கோப்பாயைக் கடந்ததும் காண்பது நீர்வேலியின் வாழைத் தோட்டங்களையே. குலை வெட்டியபின் தண்டு பெரும்பாலும் நிலத்திலேயே உக்கிவிடுகின்றது. அத்தண்டில் விளக்கெரிக்கலாம் என 1990 இல் எவரேனும் கூறியிருந்தால் நாம் சிரித்திருப்போம்.

அவ்வாண்டு ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதும் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. வடக்கிற்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பற்றறியும் ஒன்று. ஜாம் போத்தலில் திரியிட்டு, சிறிதளவு மண்ணெண்ணெயிற் பிள்ளைகள் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பெரியோர் வானொலிச் செய்தி கேட்டனர். பற்றறி என்ற சிறு பொருளின் பெறுமதியை அந்த ஆண்டுகளே எமக்குக் கற்பித்தன.

பாடசாலைப் பிள்ளைகள் செய்யும் தேசிக்காய் மின்கலம் அதே பொருளின் எளிய வடிவமாகும். 1800 இல் இத்தாலியரான வோல்ற்றா நாகத்தையும் செம்பையும் உப்புநீரில் நனைத்த துணியையும் அடுக்கி உலகின் முதல் மின்கல அடுக்கை அறிவித்தார். தேசிக்காயில் நாகம் பூசிய ஆணியொன்றையும் செப்புக் கம்பியொன்றையும் ஒன்றையொன்று தொடாதவாறு குத்தினால் ஏறத்தாழ 0.9 வோல்ற் கிடைக்கும். நான்கு காய்களை, ஒன்றின் செம்பை அடுத்ததன் ஆணியுடன் இணைத்துத் தொடராக்கினால், சிவப்பு எல்.ஈ.டி. ஒன்று மங்கலாக ஒளிரும். அதன் நீண்ட கால் செப்புப் பக்கம் இருத்தல் வேண்டும். உலோகம் கரைந்திருப்பதால் அக்காய்களை உண்ணலாகாது.

மின்சாரம் பழத்திலிருந்து வருவதன்று. நாகம் கரைவதால் வருவது. புளிச்சாறு அயன்கள் செல்லும் வழி மட்டுமே. ஒரு காய் தருவது ஏறத்தாழ ஒரு மில்லியம்பியர். அன்றைய ரோச் லைற் குமிழுக்கோ சில நூறு மில்லியம்பியர் தேவை. தோட்டம் நிறையத் தண்டிருந்தும் அந்த இருளை அது அகற்றியிராது.

2009 இல் போர் முடிந்தபின் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாழைத்தண்டை நறுக்கி அவித்து மின்கலமாக்கினர். அவிக்கும்போது கலச்சுவர்கள் சிதைந்து மின்தடை குறைகின்றது. உலராமற் பாதுகாத்தபோது, எல்.ஈ.டி. ஒன்று 500 மணித்தியாலத்திற்கும் மேலாக ஒளிர்ந்தது.

ஆகவே, அறிவியற் செயற்திட்டம் செய்யும் நீர்வேலிப் பிள்ளை தேசிக்காய் தேடி அலையத் தேவையில்லை. வளவிற் கிடக்கும் தண்டே போதும். அது ஒளிரும்போது, ஜாம் போத்தல் விளக்கிற் படித்த தலைமுறையின் கதையையும் வீட்டிலுள்ள பெரியோர் சொல்லிவைத்தல் நன்று.