வலி தெரியாமல் இருக்க ஓர் ஊசி

"வலி தெரியாம இருக்க ஒரு ஊசி கிடையாதாடா?"

கும்பகோணத்திலிருந்து புனே வந்த மூன்றாம் நாள் அம்மா கேட்டாள். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். அவள் கேட்ட ஊசி கிட்டத்தட்ட வந்தே விட்டது என்பதுதான் விஷயம். நம் மாதிரி வயதான பெற்றோரை வெளியூரில் வைத்திருப்பவர்கள் அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

கதை இத்தாலியின் டூரின் நகரில் தொடங்குகிறது. ரீட்டா லெவி-மொன்டால்சினி என்ற இளம் டாக்டர் யூத இனத்தவர். 1938-இல் முசோலினி அரசு கொண்டு வந்த இனச் சட்டங்களால் பல்கலைக்கழக வேலை போயிற்று. அம்மணி அசரவில்லை. படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, கோழி முட்டைக் கருவில் நரம்புகள் எப்படி வளர்கின்றன என்று பார்க்க உட்கார்ந்துவிட்டார்!

போர் முடிந்து, 1947-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனார். அங்கே எலியின் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் ஒட்டி வைத்தபோது நரம்புகள் தாறுமாறாகப் பெருகின. கட்டியிலிருந்து ஏதோ ஒன்று கசிகிறது என்று ஊகித்தார். அதைப் பிரித்தெடுக்க உதவியவர் ஸ்டான்லி கோஹென். அதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி. 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

1992-இல் ரீட்டாவும் பங்குபெற்ற ஓர் ஆய்வு, நாள்பட்ட மூட்டுவாதக்காரர்களின் மூட்டு நீரில் இதே பொருள் இருப்பதைக் காட்டியது. கருவில் நரம்பை வளர்ப்பது, கெட்டுப்போன மூட்டில் வலி நரம்புகளை உசுப்பி விடுகிறது. நரம்பே இல்லாத குருத்தெலும்புக்குள்ளும் புது நரம்பு நுழைய வழி செய்கிறது.

அப்படியானால் இதைத் தடுத்தால் வலி போகுமே? அதற்குத்தான் டனேசுமாப் என்ற ஊசி மருந்து வந்தது. 2010-இல் வெளியான ஆய்வில் முழங்கால் வலி நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதனைகளை நிறுத்தி வைத்தது. சிலருக்கு மூட்டு மளமளவென்று சிதைந்து, செயற்கை மூட்டு வைக்கும் நிலை வந்திருந்தது! வலி மாத்திரையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். பிறகு அளவைக் குறைத்தும் முயன்றார்கள். 2021 மார்ச்சில் நிபுணர் குழு 19-க்கு 1 என்று எதிராக வாக்களித்தது. அந்த ஆண்டே கம்பெனி மருந்தைக் கைவிட்டது.

வலி அடங்கியதால் தேய்ந்த மூட்டின்மேல் அதிகம் நடந்துவிட்டார்கள் என்பது ஒரு விளக்கம். எங்கள் வங்கியில் அலாரம் அடித்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். அதற்காக ஒயரைப் பிடுங்கினால் திருடன் போய்விடுவானா?

இப்போதைக்குக் கைகொடுப்பது தொடைத் தசைக்கான பயிற்சியும் எடைக் குறைப்பும்தான். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்ப தரை வீடா பாரு" என்றாள்.

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.