நாற்புறமும் சூழும் ஒலி

இயற்கை நமக்கு இரு செவிகளை அளித்தது வீணன்று. வலப்புறத்தில் ஒரு மணி ஒலிக்குமாயின், அவ்வோசை வலச்செவியை முதலில் அடைகிறது. இடச்செவியை அடைய, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரம் தாழ்க்கிறது. இச்சிறு வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையை உணர்கிறது. கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவிமுன் நிற்பவர் செவியில், நேரே வரும் நீரோசையோடு, பாறைகளில் மோதித் திரும்பும் ஓசையும் பின்புறமிருந்து வந்து விழுகிறது. இரண்டும் கூடினாலன்றோ அருவிமுன் நிற்கும் உணர்வு பிறக்கும்! அவ்வுணர்வைக் கருவியினுள் அடைக்க மனிதன் முயன்ற வரலாற்றைக் காண்போம்.

1931 ஆம் ஆண்டு நினைவிற்கொள்ளத்தக்கது. அவ்வாண்டு அக்டோபர் 31 ஆம் நாள் தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் திங்களில், இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்னும் இளம் பொறியாளர் இரட்டைத் தட ஒலிப்பதிவுக்கு உரிமை கோரி விண்ணப்பித்தார். திரையில் நடிகர் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க, குரல் மட்டும் ஓரிடத்திலேயே நிற்பது அவருக்குக் குறையாகப் பட்டதாம். நம்மவர் திரைக்குக் குரல் கொடுத்த ஆண்டிலேயே, அக்குரலுக்குத் திசை கொடுக்கும் வழியும் எழுதப்பட்டுவிட்டது.

எனினும் வழி தெரிந்தவுடன் பயணம் முடிவதில்லை. திருச்செங்கோட்டிற் பிறந்த டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1937 இல் 'சதி அகல்யா'வை வெளியிட்டது. 1938 இல் மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய 'பாலன்' அங்கு உருவாயிற்று. 1956 இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழுக்கு வண்ணத்தைத் தந்தது. ஏற்காட்டுச் சாலையில் பிறந்த அப்படங்கள் ஒற்றைத் தடத்திலேயே பேசின. ஆயினும் ஊர்தோறும் மக்கள் அவற்றின் வசனத்தைச் சொல் பிசகாமல் ஒப்பித்தனர். தெளிவான சொல்லே ஒலியின் உயிர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1953 இல் வெளிவந்த 'தி ரோப்' என்னும் அமெரிக்கப் படத்தில் மூன்று தடங்கள் திரைக்குப் பின்னிருந்தும், நான்காவது தடம் மக்கள் அமர்ந்த மன்றத்தினுள்ளும் ஒலித்தன. 1958 இல் இரட்டைத் தட இசைத்தட்டுகள் இல்லங்களிற் பரவத் தொடங்கின. இவற்றில் ஒரே பள்ளத்தின் இரு சுவர்களும் இரு தடங்களைச் சுமந்தன. பழைய ஒற்றைத் தட இசைத்தட்டையும் புதிய கருவி பழுதின்றிப் பாடியது. 1970 களில் நான்கு தட இசைத்தட்டுகள் தோன்றின. ஒரு நிறுவனத்தின் முறை மற்றொன்றின் கருவிக்குப் பொருந்தவில்லை, வாங்கியவர் திகைத்தனர், அம்முயற்சி தோற்றது.

வென்ற வழி யாது? எளிய கழித்தற் கணக்கே! பாடகரின் குரல் இரு தடங்களிலும் ஐந்தைந்து பங்கு உள்ளது எனக் கொள்வோம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிச்சம் சுழி. மண்டபத்தின் எதிரொலியோ ஒன்றில் மூன்று, மற்றதில் ஒன்று. கழித்தால் இரண்டு மிஞ்சும். அம்மிச்சத்தைப் பின்புற ஒலிபெருக்கிக்கு அனுப்பினால், குரல் முன்னே நிற்க, மண்டபம் நம்மைச் சூழ்கிறது. அமெரிக்கரான டேவிட் ஹாஃப்ளர், வீட்டிலுள்ள ஸ்டீரியோ பெருக்கியின் இரு நேர்முனைகளுக்கிடையே பின்புற ஒலிபெருக்கியை இணைத்தே இதனைச் செய்து காட்டினார். எல்லாப் பெருக்கிகளும் இவ்விணைப்பைத் தாங்கா; சில பழுதடையும். ஆதலால் கருவியின் குறிப்பேட்டைப் படித்தறிந்த பின்னரே கைவைத்தல் வேண்டும். 1977 இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் இரு தடங்களுக்குள் நான்கு வழி ஒலிகளை ஒடுக்கி வைத்த டால்பி முறையும் இக்கணக்கின் விரிவே. 1982 இல் அது இல்லங்களுக்கும் வந்தது. 1990 களில், ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் தனித்தடம் தரும் எண்முறை ஒலி திரையரங்குகளிற் புகுந்தது.

இன்று ஸ்டீரியோ உடையவர் சூழொலி விழைந்தால், பழைய ஒலிபெருக்கிகளை எறிய வேண்டுவதில்லை. அவற்றை முன்னே நிறுத்தி, தடங்களைப் பிரித்துத் தரும் புதிய பெருக்கியொன்றை வாங்கி, உரையாடலுக்கு நடுவே ஒன்றும், செவிகளின் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னோ இரண்டும் சேர்த்தால் போதும். பின்புற ஒலி முன்புறக் குரலை விழுங்காதபடி அடக்கி வைப்பதே பெரிய கலை.

மாணவர்களே, பழையதை மதித்து அதன்மேல் எழுந்த புதுமையே இவ்வரலாற்றில் நிலைத்தது. பழையதைப் பயனற்றதாக்க முனைந்தது மறைந்தது. மாடர்ன் தியேட்டர்ஸின் ஒற்றைத் தடக் குரல்களுக்குப் புதுக்கருவிகளில் நாளை நீங்கள் சூழொலி சேர்க்கலாம். அன்று, சேர்க்கும் ஒலி பெரிதாகி, காக்க வேண்டிய குரல் சிறிதாகிவிடாமற் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை.