மூன்றடித் தூரம்

ஸ்காட்லாந்தின் கீழைக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழம்பதி உண்டு. கோல்ப் ஆட்டத்தின் தாயகமென அதனைப் போற்றுவர். இவ்வாட்டத்தில் பந்து விழவேண்டிய குழியைச் சூழ்ந்த குறும்புல் தரையைக் 'கிரீன்' என்பர். குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலமே; 1891-ஆம் ஆண்டில் விதியாக்கப்பட்ட அளவு அது. தரையோ பார்வைக்குச் சமதளம். உண்மையில் மேடும் தாழ்வும் உடையது. ஆதலின் தேர்ந்த ஆட்டக்காரர் குனிந்து சரிவை நோக்குவர். பந்து வளைந்தோடும் வழியை மனத்தில் வரைவர். விசையை அளந்த பின்னரே தட்டுவர்.

1970-ஆம் ஆண்டு அங்கு நடந்த ஓப்பன் போட்டியில், அமெரிக்கரான டக் சாண்டர்ஸ் இறுதிக் குழியை நெருங்கினார். வெற்றிக்கு எஞ்சியது ஏறத்தாழ மூன்றடித் தூரம். தட்டுவதற்கு ஆயத்தமாக நின்றவர், பந்தின் வழியில் ஏதோ துரும்பு கண்டு குனிந்தார். கவனம் கலைந்தது. ஆயினும் விலகி நின்று மீண்டும் தொடங்கவில்லை, அந்நிலையிலேயே தட்டினார். பந்து குழிக்கு வலப்புறமாக விலகியோடிற்று. ஆட்டம் சமநிலையாயிற்று. மறுநாள் மீண்டும் ஆடியபோது ஜாக் நிக்லஸ் 72 அடிகளில் முடித்தார், சாண்டர்ஸ் 73. அப்பட்டம் பின்னர் ஒருபோதும் அவருக்குக் கிட்டவில்லை.

எளிதென்று எண்ணும் இறுதிப் படியிலும், கவனம் கலைந்தால் முதலிலிருந்து தொடங்க நாணாதீர்கள்.