ஐம்பது பேருக்கான ஆட்டம்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர், நடுவில் பகடைகள், கதையை நடத்திச் செல்ல நடுவராக ஒருவர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்றதும் இன்று மனதில் எழும் காட்சி இதுதான். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு தான் செய்வதைச் சொல்வார்கள். அதன் விளைவை நடுவர் சொல்வார், ஐயம் வந்தால் பகடை முடிவு செய்யும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஒரு சண்டை எவ்வளவு கடினம் என்று கணக்கிடும் முறை மூன்று முதல் ஐந்து பாத்திரங்கள் வரை உள்ள குழுவை வைத்தே வகுக்கப்பட்டது. ஆறு பேர் வந்துவிட்டால் கணக்கையே திருத்த வேண்டியிருந்தது. ஆனால் 1974இல் வெளியான முதல் பதிப்பு சொன்ன எண் வேறு. ஒரு தொடர் ஆட்டத்தில் 4 முதல் 50 பேர் வரை சேரலாம், சுமார் 20 பேருக்கு ஒரு நடுவர் போதும் என்றது அது. வாங்குபவர்களை மயக்கப் பெருக்கிச் சொன்ன எண்ணாக இதைத் தள்ளிவிட முடியாது. இந்த ஆட்டம் பிறந்ததே கூட்டத்தைச் சமாளிக்க வேண்டிய கட்டாயத்தில்தான். பின்னாளில் மேசை சிறுத்துப்போனதற்கு, கூட்டத்தைத் தாங்கிய ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டதே பெரிய காரணம் என்பது என் வாதம்.

அந்த ஏற்பாடுகளின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரஷ்யாவில் இருக்கிறது. அதிகாரிகளுக்குப் போர்ப்பயிற்சி தருவதற்காக 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி தன் தந்தை தொடங்கிவைத்த போர் ஆட்டத்தைத் திருத்தி வெளியிட்டார். இரு அணியினரும் தங்கள் உத்தரவுகளை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். எந்தப் படை யார் கண்ணுக்குத் தெரியுமோ அதை மட்டுமே நடுவர் வரைபடத்தில் வைப்பார். ஓர் அதிகாரி தன் அணியிலேயே இன்னொருவருக்குச் செய்தி அனுப்பினாலும், குதிரைவீரன் அதைக் கொண்டுசேர்க்க ஆகும் நேரத்தைக் கணக்கிட்டுத் தாமதமாகத்தான் கொடுப்பார். பலர் ஒரே ஆட்டத்தில் இருந்தும் குழப்பம் வராததற்கு இதுவே காரணம். எல்லோரும் எல்லாவற்றையும் அறிந்திருக்கவோ, ஒரே நேரத்தில் பேசவோ தேவையில்லை. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி இன்னும் ஓரடி முன்னே சென்று, விதிப்புத்தகத்தைவிட அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே மேல் என்றார். 1880இல் சார்லஸ் டாட்டன் அமெரிக்க ராணுவத்துக்காக எழுதிய ஸ்ட்ராடகோஸ் என்ற நூல் இந்த மரபை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, அந்த நூல் மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் டேவிட் வெஸ்லி என்ற மாணவரின் கைக்குக் கிடைத்தது.

1969இல் வெஸ்லி நடத்திய ப்ரவுன்ஸ்டைன் ஆட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நெப்போலியன் காலத்தில் ஒரு கற்பனை ஜெர்மன் சிற்றூர், அதை நோக்கி இரண்டு படைகள். படைத்தலைவர்களாக ஆட ஒரு சிலர் போதும். ஆட வந்தவர்களோ அதைவிட அதிகம். மிஞ்சியவர்களைத் திருப்பி அனுப்பாமல் ஒருவருக்கு மேயர், ஒருவருக்கு வங்கிக்காரர், இன்னொருவருக்குப் பல்கலைக்கழக வேந்தர் என்று வெஸ்லி வேலை கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கம் இருந்தது. ஒவ்வொருவராகத் தனியே வந்து தன்னிடம் உத்தரவு சொல்ல வேண்டும் என்பது அவருடைய திட்டம். காத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்களுக்குள் பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள். இருவர் வாள்சண்டைக்கே சவால் விட்டுக்கொள்ள, அதற்கான விதியை வெஸ்லி அந்த இடத்திலேயே உருவாக்க வேண்டியதாயிற்று. படைகள் மோதவே இல்லை. ஆட்டம் சொதப்பிவிட்டது என்றே அவர் நினைத்தார். ஆடியவர்களோ இன்னொன்று நடத்தச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு மனிதனாக இருந்து ஆடுவது என்ற எண்ணம் இங்கே ஓர் இலக்கியக் கனவாக வரவில்லை. ஆள் அதிகம், வேலை குறைவு என்ற நடைமுறைச் சிக்கலுக்குக் கிடைத்த தீர்வாக வந்தது.

வெஸ்லி ராணுவப் பணிக்குப் போனபின் ப்ரவுன்ஸ்டைன் ஆடிய நண்பர் குழாமில் இருந்த டேவ் ஆர்னசன் 1971இல் பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டைத் தொடங்கினார். ப்ரவுன்ஸ்டைன் ஒரே நாள் ஆட்டம். பிளாக்மூரில் பாத்திரங்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் தொடர்ந்து வாழ்ந்தன, வளர்ந்தன. 1972இன் பிற்பகுதியில் ஆர்னசன் அதை விஸ்கான்சின் மாநிலம் லேக் ஜெனீவாவில், பின்னர் தன்னுடன் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கிய கேரி கைகாக்ஸுக்கு ஆடிக்காட்டினார். அதைப் பார்த்து கைகாக்ஸ் உருவாக்கிய கிரேஹாக் என்ற கற்பனை உலகம், அவருடைய பிள்ளைகள் எர்னியும் எலீஸும் ஆட, இரண்டே பேருடன் தொடங்கியது. விரைவிலேயே ஒரே அமர்வுக்கு இருபது பேர்கூட வரத் தொடங்கினார்கள். அந்தச் சுமையைத் தாங்க ராப் குன்ட்ஸ் இரண்டாவது நடுவராகச் சேர்ந்தார். ஆக, 1974இல் முதல் பதிப்பாக வந்த சிறு நூல்களில் அச்சான எண்ணுக்குப் பின்னால் கைகாக்ஸின் லேக் ஜெனீவா வீட்டின் நிலவறையில் நடந்த உண்மையான ஆட்டங்கள் இருந்தன.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஐம்பது என்பது தொடர் ஆட்டத்தின் மொத்த எண்ணிக்கை, ஒரு மேசையில் உட்கார்ந்தவர்களின் எண்ணிக்கை அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான், என் வாதத்துக்கு வலு சேர்ப்பதும் அதுதான். உலகம் வேறு, அமர்வு வேறு என்று பிரித்துவைத்ததுதான் அந்தக் காலத்தின் பெரிய கண்டுபிடிப்பு. இன்று ஆறு பேர், நாளை வேறு எட்டுப் பேர், அடுத்த வாரம் இரு குழுவிலிருந்தும் சிலர் என்று வரலாம். ஆனால் அவர்கள் நுழையும் சுரங்கம் ஒன்றே. முதல் குழு அள்ளிய புதையல் இரண்டாம் குழுவுக்கு மிச்சமிருக்காது. இது நடக்க வேண்டுமானால் யார் எந்த நாளில் எங்கே இருந்தார் என்ற கணக்கு தவறக் கூடாது. 1979இல் வந்த நடுவர் கையேட்டில் கைகாக்ஸ் காலக்கணக்கை அவ்வளவு கண்டிப்பாக வற்புறுத்தியது இதனால்தான். ஆட்டம் நடக்காத நாட்களில் வெளியே ஒரு நாள் கழிந்தால் ஆட்டத்துக்குள்ளும் ஒரு நாள் கழிந்ததாக வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரே குழுவுடன் மட்டும் ஆடுபவருக்கு இது வீண் கெடுபிடியாகத் தோன்றும். பல குழுக்கள் ஒரே உலகில் நடமாடும்போது அதுவே அஸ்திவாரம்.

மறுப்பை இன்னும் இறுக்கி, ஒரே மேசையில் பத்துப் பேருக்கு மேல் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று கேட்டாலும் பழைய விதிகளில் பதில் உண்டு. 1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த அடிப்படைப் பதிப்பு இரண்டு பொறுப்புகளை விளக்குகிறது. குழு என்ன செய்யப்போகிறது என்பதை எல்லோர் சார்பிலும் நடுவரிடம் சொல்ல ஒருவர், நடுவர் விவரிப்பதைக் கேட்டு வரைபடம் போட இன்னொருவர். சண்டை வந்தால் ஒரு தரப்புக்கு ஒரே ஓர் ஆறுமுகப் பகடை. எந்தத் தரப்பு வெல்கிறதோ அந்தத் தரப்பு முழுவதும் முதலில் செயல்படும். ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொருவரும் தனித்தனியே பகடை உருட்டி வரிசையில் நிற்கிறார்கள். பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றால் ஒருவர் முறை திரும்பிவருவதற்குள் அவருடைய ஆர்வம் ஆறிப்போகும். பெரிய மேசையைத் தாங்கியது நடுவரின் தனித்திறமை மட்டுமல்ல, வேலையைப் பங்கிட்டுக் கொடுத்த விதிகளும்தான். ஒரு கல்யாண வீட்டில் பந்தி தடையின்றி நடப்பது தலைமைச் சமையல்காரர் ஒருவராலேயே ஆகிற காரியமா?

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஒருவர் எல்லோருக்காகவும் பேசினால் மற்றவர்கள் வாயடைத்துப்போக மாட்டார்களா? பாத்திரமேற்று ஆடுவதன் உயிரே ஒவ்வொருவரும் தன் குரலில் பேசுவதில் அல்லவா இருக்கிறது? இதில் பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கூச்ச சுபாவமுள்ளவர் பெரிய குழுவில் எளிதில் மறைந்துபோவார். ஒரு பாத்திரத்தின் அகவாழ்வை நுணுக்கமாக வளர்க்க நான்கு பேர் மேசையே பொருத்தம். ஆனால் குழுவின் சார்பில் பேசுபவர் தலைவர் அல்லர், மற்றவர்கள் எடுத்த முடிவைச் சொல்பவர். அந்த முடிவை எட்ட அவர்கள் தங்களுக்குள் பேசியாக வேண்டும். ப்ரவுன்ஸ்டைனில் காத்திருந்தவர்கள் செய்ததும் அதுவே. சிறிய மேசையில் பேச்சு பெரும்பாலும் நடுவருக்கும் ஓர் ஆட்டக்காரருக்கும் இடையில் ஓடுகிறது. பெரிய மேசையில் அது ஆட்டக்காரர்களுக்கு இடையில் ஓட வேண்டியிருக்கிறது. இரண்டும் இருவேறு இன்பங்கள். ஒன்றை மற்றதன் குறைப்பிரசவமாகக் கருதுவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

அப்படியானால் மேசை ஏன் சுருங்கியது? ஒரு பகுதி விடை, ஆட்டம் பெட்டியில் அடைபட்டுக் கடைக்கு வந்ததில் இருக்கிறது. சங்கத்துக்கும் மன்றத்துக்கும் உரியதாக இருந்தது வீட்டுக் கூடத்துக்குப் போனபோது, அங்கே கிடைத்த நண்பர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. கைகாக்ஸ் எழுதி அடிப்படைப் பெட்டியோடு சேர்த்து விற்கப்பட்ட எல்லைக் கோட்டைக் கதை 6 முதல் 9 பாத்திரங்களுக்கென வகுக்கப்பட்டது. 1974க்கும் 2014க்கும் இடையிலான ஒரு படிக்கட்டு அது. மறு பகுதி விடை, அச்சிட்ட கதைகளின் போக்கில் இருக்கிறது. தொடக்கம், நடு, முடிவு என்று நேர்கோட்டில் செல்லும் கதைக்கு அதே ஆட்கள் வாராவாரம் வர வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் கதை தடுமாறும். பல குழுக்கள் நடமாடும் திறந்த உலகுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இந்த நூற்றாண்டில் பென் ராபின்ஸ் நடத்திய வெஸ்ட் மார்ச்சஸ் இதற்குச் சான்று. நிலையான நாளும் கிடையாது, நிலையான குழுவும் கிடையாது. எப்போது, யாருடன், எங்கே போவது என்பதை ஆட்டக்காரர்களே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். பத்துப் பேருக்கு மேற்பட்டவர்களை அந்த ஒரே உலகம் தாங்கியது.

பெரிய குழுவோடு ஆடுவது முடியாத காரியம் என்று இன்று ஒருவர் சொன்னால், அவர் கையில் உள்ள விதிகளுக்கு அது உண்மை, ஆட்டத்துக்கு உண்மை அல்ல என்றே பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது நடுவர், தரப்புக்கு ஒரு பகடை, குழுவுக்கு ஒரு குரல், தவறாத நாட்கணக்கு, ஆள் மாறினாலும் மாறாத உலகம். இந்த ஐந்தும் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே சோதித்துப் பார்க்கப்பட்டவை. வாசலில் பன்னிரண்டாவது ஆள் வந்து நிற்கும்போது இடமில்லை என்று சொல்வதற்கு முன், இந்த ஆட்டம் உண்டானதே அப்படி மிஞ்சி நின்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் என்பதை நடுவர்கள் நினைத்துக்கொள்வது நல்லது.